பெங்களூர் வாழ்க்கைக்கு மண்வாசனை உடையும் கைவேலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலை, மண், கல், மழை ஆகியவற்றின் சாயலில் உடுத்த வேண்டும், கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசைப்படும் பெங்களூர்த் தமிழர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே இருக்கின்றன.

இணையத்தில் ‘காட்டேஜ்கோர்’ என்று வரும் படங்களைப் பார்த்து ஆசை வந்துவிட்டது. அப்படியே உடுத்தினால் என்ன?

உடுத்தலாம், ஆனால் பத்து மணிக்கு மேல் தாங்காது. அந்தப் படங்களில் இருப்பது குளிர்நாட்டுக் கிராமம். கம்பளி கார்டிகன், கனத்த லேஸ், அடுக்குப் பாவாடை, முழங்கால் வரை தோல் பூட்ஸ் எல்லாமே அந்த ஊர்க் குளிருக்கு ஏற்பட்டவை. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி விடியலில் 15, 16 டிகிரி இருக்கும். அதே நாள் மதியம் 27ஐத் தொடும். ஏப்ரலில் 34 வரை போகும். ஜூனில் தொடங்கும் மழை அக்டோபர் வரை விட்டுவிட்டுப் பெய்யும்.

ஆகவே படத்தைப் பார்த்துத் தொடங்காமல் வெயிலையும் மழையையும் பார்த்துத் தொடங்குங்கள். முதலில் துணி, பிறகு நிறம், அதன்பிறகுதான் பூவேலையும் அலங்காரமும். வரிசையை மாற்றினால் அலமாரி நிறைய ஆசைகள் மடித்துக் கிடக்கும், உடுத்த ஒன்றும் இருக்காது.

காலையில் குளிர், மதியம் வெயில். ஒரே நாளில் இரண்டையும் எப்படிச் சமாளிப்பது?

ஒரு கனத்த உடைக்குப் பதில் மூன்று மெல்லிய உடைகள். உள்ளே மல் துணி போன்ற மெல்லிய பருத்தியில் குர்த்தாவோ சட்டையோ. அதன்மேல் கதர் அல்லது கொஞ்சம் தடித்த கைத்தறியில் கையில்லாத ஜாக்கெட். அதற்கும் மேலே காலை நேரத்துக்கு மட்டும் ஒரு சால்வை. அடுக்குகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. அதனால் மூன்று மெல்லிய துணிகள் ஒரு ஸ்வெட்டர் அளவுக்கு இதம் தரும், வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ளவும் வசதி.

சால்வைக்குக் கம்பளிதான் வேண்டும் என்றில்லை. அசாம் பக்கத்து ‘எரி’ என்ற பட்டு வகை கொஞ்சம் சொரசொரப்பாகப் பருத்தி மாதிரியே இருக்கும், ஆனால் நல்ல கதகதப்பு. வடகர்நாடகப் பக்கத்து முரட்டுக் கம்பளி உடம்பில் குத்தும். அதைச் சோபாவிலோ தரையிலோ விரித்துக்கொள்ளுங்கள்.

இருசக்கர வண்டியில் போகிறவர்கள் தொங்கும் சால்வையையும் நீளத் துப்பட்டாவையும் மறந்துவிட வேண்டும். சக்கரத்தில் சிக்கினால் விபரீதம். அவர்களுக்குக் கழுத்துவரை பட்டன் போட்ட கதர் ஜாக்கெட்தான் சரி.

என்ன நிறங்கள் எடுப்பது? எல்லாவற்றையும் பச்சையும் பழுப்புமாக வாங்கிவிட்டேன், மந்தமாக இருக்கிறது.

இந்த ஊரையே பார்த்து எடுங்கள். லால்பாக்கில் இருக்கும் பாறை சுமார் 300 கோடி ஆண்டுகள் பழையது. அதன் சாம்பலும் வெளிர் ரோஜாவும் கலந்த நிறம் பேன்ட்டுக்கும் பாவாடைக்கும் அற்புதமாகப் பொருந்தும். செம்மண் நிறம், புங்கந்தளிரின் இளம்பச்சை, மழைக்குப்பின் சுவரில் படரும் பாசியின் கரும்பச்சை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் பூக்கும் டபிபுயாவின் ரோஜா நிறமும், அதையொட்டி வரும் ஜகரண்டாவின் ஊதாவும், கோடையில் பெருங்கொன்றை கொட்டும் மஞ்சளும் சிறு அளவில் சேர வேண்டிய நிறங்கள். ஒன்று முடிந்தால் இன்னொன்று பூக்கும்படி இந்த ஊருக்கு மரங்களைத் தேர்ந்தவர் கிரம்பீகல் என்ற ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநர். நிறத்தேர்வில் பாதி வேலையை அவர் நமக்காகச் செய்துவிட்டார்.

மந்தமாகத் தெரிவதற்குக் காரணம், எல்லாம் ஒரே அழுத்தத்தில் இருப்பதுதான். மூன்று அடங்கிய நிறங்கள், இரண்டு எடுப்பான நிறங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒன்று வெளிர், ஒன்று நடுத்தரம், ஒன்று அடர்த்தி. எடுப்பான இரண்டும் துப்பட்டா, ரவிக்கை, கைக்குட்டை, பை என்ற அளவோடு நிற்கட்டும். கடையின் விளக்கில் நிறம் பார்க்காதீர்கள். துணியை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே பாசிப்பச்சையாக இருந்தது வெளியே சாம்பலாகிவிடுவது சாதாரணம்.

எங்கே வாங்குவது? கைத்தறி என்று சொல்லி விசைத்தறியைத் தலையில் கட்டிவிடுவார்களோ?

கோ-ஆப்டெக்ஸ், கதர் கடைகள், கர்நாடகக் கைத்தறிக் கழகத்தின் பிரியதர்ஷினி ஆகியவை நம்பகமான தொடக்கம். சித்ரகலா பரிஷத் வளாகத்தில் அடிக்கடி கைவினைச் சந்தை நடக்கும், நெசவாளர்களே வந்து விற்பார்கள். மொத்தமாக வாங்க சிக்பேட்டை. சிவாஜிநகர், அல்சூர்ப் பக்கம் தமிழிலேயே பேரம் பேசலாம்.

2006இல் வந்த கைத்தறி முத்திரை துணியில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு விளிம்பிலும் ஊசி குத்தியது போல் சிறு துளைகள் வரிசையாக இருந்தால் நல்ல அறிகுறி, ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது, சில விசைத்தறித் துணியிலும் அது வரும். ஊடை நூல், அதாவது குறுக்கே ஓடும் நூல், அங்கங்கே லேசாகத் தடித்தும் மெலிந்தும் இருப்பதும் கைத்தறியின் இயல்பு.

பருத்தியா, பாலியஸ்டர் கலந்ததா என்பதை வீட்டில் கண்டுபிடிக்கலாம். ஓரத்திலிருந்து பாவில் (நீளவாக்கில் ஓடும் நூலில்) இரண்டு நூல், ஊடையில் இரண்டு நூல் உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிக் கறுத்த கெட்டி மணியாக உறையும். பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றம் தரும். பாவு ஒன்று ஊடை ஒன்று என்று கலப்பவர்கள் உண்டு, அதனால்தான் இரண்டையும் தனித்தனியே பார்க்கச் சொல்கிறோம்.

தைக்கக் கொடுக்க எவ்வளவு துணி? போன தடவை முதல் சலவையிலேயே குர்த்தா குட்டையாகிவிட்டது.

44 அங்குல அகலத் துணியில், 42 அங்குல நீளமும் முக்கால் கையும் உள்ள குர்த்தாவுக்கு இரண்டரை மீட்டர். கைத்தறியில் 36 அங்குல அகலமும் வரும், அதற்கு மூன்று மீட்டர் எடுங்கள். கட்டம் போட்ட துணி என்றால் கட்டங்கள் தையலில் சேர கால் மீட்டர் கூடுதல்.

குட்டையானதற்குத் தையல்காரர் காரணமில்லை. கதரும் கைத்தறியும் முதல் தண்ணீரில் சுருங்கும், மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் போவது வழக்கம். வாங்கியதும் ஓர் இரவு பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்காமல் நிழலில் உலர்த்தி, அயர்ன் செய்து, அதன்பிறகே கொடுங்கள். லைனிங் துணியையும் நனைக்க வேண்டும். மேல்துணி சுருங்காமல் லைனிங் மட்டும் சுருங்கினால் கீழ்விளிம்பு சுருட்டிக்கொள்ளும். உப்பு போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பது வீட்டு நம்பிக்கை, ஏற்கெனவே ஏறிய சாயத்தை உப்பு பிடித்து வைக்காது. சாயம் போகிற துணியைத் தெளிந்த தண்ணீர் வரும்வரை தனியே அலசுவதுதான் வழி.

தையல்காரரிடம் உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும் பழைய உடை ஒன்றை அளவுக்குக் கொடுங்கள். பக்கத் தையலில் ஓர் அங்குலம் உள்ளே விடச் சொல்லுங்கள். பாக்கெட் வாய் 6 அங்குலம், ஆழம் 11 அங்குலம் என்று எண்ணோடு சொன்னால்தான் போன் நிற்கும். ‘பாக்கெட் வையுங்க’ என்று பொதுவாகச் சொன்னால் நாலு விரல் நுழையும் பை ஒன்று கிடைக்கும். வரமகாலட்சுமி, கௌரி கணேசா, தீபாவளி என்று அடுத்தடுத்து வரும் மாதங்களில் நல்ல தையல்காரர் யாரும் புது வேலை எடுக்கமாட்டார். ஜூனிலேயே கொடுத்துவிடுங்கள்.

வீட்டிலேயே இயற்கைச் சாயம் ஏற்ற முடியுமா? மஞ்சளில் நனைத்தது ஒரே வாரத்தில் வெளுத்துவிட்டது.

மஞ்சள் வெயிலில் நிற்காது, சோப்புத் தண்ணீர் பட்டால் சிவக்கவும் செய்யும். பீட்ரூட், செம்பருத்தி, சிவப்பு முட்டைக்கோஸ் இவையும் பார்க்க அழகு, துணியில் தங்காது. முதலில் வெங்காயத் தோலில் கை பழகுங்கள். பொன்னிறத்திலிருந்து செம்பழுப்பு வரை கிடைக்கும்.

200 கிராம் எடையுள்ள பருத்தித் துப்பட்டா ஒன்றுக்குக் கணக்கு சொல்கிறோம். எடை என்பது உலர்ந்த துணியின் எடை.

முதல் நாள் துணியில் இருக்கும் கஞ்சியையும் எண்ணெய்ப் பசையையும் எடுக்க வேண்டும். 8 லிட்டர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் சலவை சோடாவும் கொஞ்சம் சோப்பும் போட்டு, ஒரு மணி நேரம் மெல்லிய தீயில் வையுங்கள். ‘வெள்ளைத் துணிதானே’ என்று நினைத்திருப்பீர்கள், தண்ணீர் பழுப்பாக வரும். நன்றாக அலசுங்கள். அன்று இரவே 40 கிராம் கடுக்காய்த் தூளை வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, அதில் துணியை ஊறவிடுங்கள். பருத்திக்குச் சாயம் பிடிக்கும் தன்மை குறைவு. கடுக்காயின் துவர்ப்பு படிகாரத்தைப் பிடித்துக்கொள்கிறது, படிகாரம் சாயத்தைப் பிடித்துக்கொள்கிறது. மறுநாள் பிழிந்து, அலசாமல், நிழலில் காயவையுங்கள்.

அடுத்து 30 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, துணி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் சேர்த்து, ஓர் இரவு ஊறவைத்து, லேசாக அலசி எடுங்கள். பிறகு 200 கிராம் உலர்ந்த வெங்காயத் தோலை முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். அந்தச் சாற்றில் ஈரத்துணியைப் போட்டு, கொதிக்காத சூட்டில் ஒரு மணி நேரம் அடிக்கடி புரட்டிவிட்டு, அப்படியே இரவு முழுக்க விட்டுவிடுங்கள். 200 கிராம் தோல் என்பது ஒரு பெரிய பை நிறைய வரும். ஒரு வீட்டில் சேர மாதக்கணக்காகும். தெருமுனை மெஸ்ஸில் கேட்டால் ஒரே நாளில் கிடைக்கும்.

திட்டுத்திட்டாக வந்தால் காரணம் மூன்றில் ஒன்று. பாத்திரம் சிறியது, அல்லது துணியை உலர்ந்தபடியே போட்டீர்கள், அல்லது சாற்றைச் சரியாக வடிகட்டவில்லை. எதிர்பாராமல் மங்கிச் சாம்பல் தட்டினால் தண்ணீரைப் பாருங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பு இருந்தால் கடுக்காயோடு சேர்ந்து கறுக்கும். சாய வேலைக்குக் காவிரித் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. இரும்புச் சட்டியும் அலுமினியமும் வேண்டாம், எவர்சில்வர் போதும். அந்தப் பாத்திரத்தில் மறுபடி சமைக்கக் கூடாது.

அந்தச் சாம்பல் நிறமே வேண்டுமென்றால் துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் இரண்டு வாரம் போட்டு, அந்த நீரில் ஒரு ஸ்பூன் மட்டும் வாளித் தண்ணீரில் கலந்து, சாயமேற்றிய துணியை ஐந்து நிமிடம் முக்கி எடுத்து உடனே அலசுங்கள். கூடினால் இரும்பு நூலை அரித்துவிடும்.

பூ, இலை வைத்து அச்சுப்போல் எடுப்பது?

ஆயுத பூஜைக்கு மறுநாள் இந்த ஊரில் செண்டுமல்லிக்குப் பஞ்சமே கிடையாது. ஆட்டோ, கடை, ஆலை எல்லாவற்றிலிருந்தும் மாலைகள் இறங்கும். நாரை உருவி, இதழ்களை உலர்த்தி வைத்தால் ஆண்டு முழுக்க நல்ல மஞ்சள் சாயம். உலர்ந்த இதழ் துணியின் எடைக்குச் சமம், பச்சையானால் இரண்டு மடங்கு, மற்றபடி முறை மேலே சொன்னதுதான்.

இலை அச்சுக்குப் படிகாரத்தில் ஊறிய பட்டு சுலபம். யூகலிப்டஸ் இலையும் தேக்கின் இளந்தளிரும் நன்றாகப் பதியும், தேக்கு சிவப்புச் சாயல் தரும். ஈரத்துணியில் இலைகளைப் பரப்பி, ஒரு குழாயில் இறுக்கிச் சுருட்டி, நூலால் நெருக்கமாகக் கட்டி, இட்லிப் பானை மாதிரி ஆவியில் ஒன்றரை மணி நேரம். ஆறிய பிறகுதான் பிரிக்க வேண்டும். உருவம் கலங்கி வந்தால் கட்டு இறுகவில்லை என்று பொருள். லால்பாக்கிலும் கப்பன் பார்க்கிலும் இலை பறிக்கக் கூடாது, தெருவோரம் உதிர்ந்ததே போதும்.

ஊசி பிடித்ததே இல்லை. எந்தக் கைவேலையில் தொடங்கலாம்?

எம்ப்ராய்டரியில். செலவு குறைவு, செய்ததை உடனே உடுத்தவும் முடியும். 6 அங்குல வளையம், நனைத்து உலர்த்திய பருத்தித் துணி, நாலைந்து நூல் கண்டு. கண்டில் நூல் ஆறு இழையாக இருக்கும். முழங்கை நீளத்துக்கு வெட்டி, இரண்டு இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டையும் ஒன்றாக இழுத்தால் சிக்கும். ஒரு புங்க இலையைத் துணிமேல் வைத்து ஓரத்தைப் பென்சிலால் வரைந்தால் மாதிரி தயார். நரம்புக்குக் காம்புத் தையல், ஓரத்துக்குச் சங்கிலித் தையல். தண்ணீரில் அழியும் பேனாவில் வரைந்தால், அலசிய பிறகே அயர்ன் செய்யுங்கள். சூடு பட்டால் சில மை அப்படியே நின்றுவிடும்.

எங்கே போடுகிறீர்கள் என்பது முக்கியம். நெஞ்சு நடுவே பெரிய பூங்கொத்து போட்டால் நாடக உடை மாதிரி ஆகிவிடும். பாக்கெட் வாயில், கைமடிப்பில், காலருக்கு அடியில் சின்னதாக இரண்டு இலை இருந்தால் கண்ணுக்கு இதம்.

கை பழகியபின் தார்வார்ப் பக்கத்து கசூதியைப் பாருங்கள். மாதிரி வரையாமல் நூலிழையை எண்ணியே போடுவது, முடிச்சும் கிடையாது. அதன் கவந்தி, முர்கி தையல்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். நம் நீலகிரித் தோடர்களின் சிவப்பு கறுப்புப் பூவேலையும் இழை எண்ணிப் போடுவதே.

குரோஷா கற்றுக்கொள்கிறேன். இந்த ஊர் வெயிலுக்கு எந்த நூல்?

உடம்பில் படுவதற்குப் பருத்தி. 4 பிளை (பிளை என்பது நூலின் தடிமனைக் குறிக்கும் எண்) பருத்தி நூலுக்கு 2.5 முதல் 3 மில்லிமீட்டர் ஊசி. அக்ரிலிக் மலிவு, ஆனால் வியர்வையை உறிஞ்சாது. மஃப்ளர், தலையணை உறைக்குச் சரி. 8 பிளை நூலில் 4 மில்லிமீட்டர் ஊசியால் கையில்லாத மேலங்கி ஒன்றுக்கு 250 முதல் 300 கிராம் ஆகும். எல்லாக் கண்டுகளும் ஒரே சாய எண் உள்ளதா என்று லேபிளில் பார்த்து மொத்தமாக வாங்குங்கள். போகப்போக அகலம் குறைந்தால் வரிசையின் கடைசிக் கண்ணியைத் தவறவிடுகிறீர்கள். பருத்திப் பின்னலைக் கொடியில் தொங்கவிடாதீர்கள், தண்ணீர் கனத்தில் நீண்டுவிடும்.

அம்மாவின் பழைய புடவைகள் இருக்கின்றன. வெட்ட மனம் வரவில்லை.

வெட்டாமலே போர்வையாக்கலாம். ஐந்தரை மீட்டர் புடவையை மூன்றாக மடித்தால் சுமார் 1.8 மீட்டர் நீளத்தில் மூன்றடுக்கு, ஒருவர் போர்த்த அளவாக இருக்கும். கஞ்சி போகத் துவைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நைந்த இடங்களில் வேறு துணியால் ஒட்டுப் போடுங்கள். ஒரு சாணுக்கு ஒரு தற்காலிகத் தையல் கட்டாயம், இல்லாவிட்டால் நடுவில் உப்பிக்கொண்டு நிற்கும். பிறகு தடித்த பருத்தி நூலில் நூலோட்டத் தையல், வரிசைக்கு வரிசை இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி. உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளிச் சித்தி இனப் பெண்கள் தங்கள் ‘கவந்தி’ என்ற ஒட்டுத்துணிப் போர்வையை ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போவார்கள், நான்கு மூலையிலும் மடித்த துணியில் பூ வைப்பார்கள். அந்த வரிசை புதியவர்களுக்கும் நல்லது, ஓரம் முதலிலேயே அடங்கிவிடும். நைலக்ஸ் புடவை வேண்டாம், வழுக்கும், காற்றும் புகாது.

ஆண்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறையவே. கதர்ச் சட்டையை வெள்ளையில் மட்டும்தான் போட வேண்டும் என்று யார் சொன்னது? செம்மண், சாம்பல், பாசிப்பச்சையில் 36 அங்குலத் துணி இரண்டேகால் மீட்டர் எடுத்தால் அரைக்கைச் சட்டை வந்துவிடும். தேங்காய் ஓட்டுப் பட்டன் வையுங்கள். வீட்டில் பருத்திக் கைலி, வெளியே கையில்லாத கதர் ஜாக்கெட். அலுவலகத்தில் கெடுபிடி என்றால் சட்டை சாதாரணமாக இருக்கட்டும், ஜாக்கெட்டும் துணிப்பையும் போதும்.

மழைக்காலத்தில் அலமாரி முழுக்கப் பூஞ்சை வாசனை. எப்படிக் காப்பாற்றுவது?

ஈரம் முழுதாகப் போகாமல் மடிப்பதுதான் முதல் காரணம். அயர்ன் செய்த சூட்டோடு மடிக்காமல் கால் மணி நேரம் ஆறவிடுங்கள், அந்த ஆவியும் ஈரம்தான். அலமாரியைச் சுவரிலிருந்து மூன்று விரல் தள்ளி வையுங்கள். அந்துருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சைக்கு உதவாது. கஞ்சி போட்ட துணியை நெடுநாள் வைக்கக் கூடாது, கஞ்சிக்காகவே வெள்ளிப்பூச்சி வரும். கம்பளியையும் பட்டையும் அழுக்கோடு வைத்தால் அந்துப்பூச்சி அரிக்கும். வசம்பைத் துணியில் முடிந்து போடுங்கள், நேராகப் போட்டால் கறை படும்.

செம்மண் கறை போகவே மாட்டேன் என்கிறது.

ஈரத்தில் தேய்க்காதீர்கள், இன்னும் உள்ளே இறங்கும். காயவிட்டு, பிரஷால் உதறி, பிறகு சோப்பு நீரில் அரை மணி ஊறவைத்துத் துவையுங்கள். அதற்கும் போகாமல் நிற்பது மண்ணிலுள்ள இரும்பு. வெள்ளைத் துணியென்றால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசலாம், இயற்கைச் சாயத் துணியில் இதைச் செய்தால் சாயமும் போய்விடும். பிளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டவே வேண்டாம், இரும்புக் கறையை அது நிரந்தரமாக்கிவிடும். மழை மாதங்களுக்குக் கணுக்காலுக்கு நாலு அங்குலம் மேலே நிற்கும் பாவாடையும் பேன்ட்டும் தைத்துக்கொண்டால் கறை பிரச்சினை பாதி குறையும்.